மூணாவது கூப்பாடு

சாயங்காலம் ஆறே முக்கால். ஆடி மாதம். கொல்லிமலை மேலே, திண்ணனூர் நாட்டுப் பக்கம், பலாமரத்து வளைவு.

அந்த நேரத்துக்கு மேல் அங்கே பஸ் கிடையாது. பனி இறங்கிவிட்டால் ரோடு எது, பள்ளம் எது என்று கால் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு தகர நிழற்குடை. அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பழுத்து விழுந்து, எடுப்பாரில்லாமல் புளித்துப்போன பலாப்பழங்களின் வாடை. நிழற்குடைக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதை ஒன்று இறங்கும். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் இறங்கினால் தனபாலின் வீடு. அதற்கப்புறம் வீடு இல்லை... சரிவுதான்.

எங்கேயோ யாருக்கோ நடந்ததில்லை இது. நம்ம தேன்மொழியின் பெரியம்மா கலைமணி, மலை அடிவாரத்தில் காரவள்ளியில் இருக்கிறாளே, அவளுக்கு நடந்தது. தனபால் அவள் கூடப்பிறந்த தம்பி.

போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள். நடுவில் எதுவும் மினுங்க வேண்டாம்.

மலையில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்காது. இந்தச் சரிவில் ஒன்று, அந்தச் சரிவில் ஒன்று. ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்காரரோடு பேச வேண்டுமென்றால் நின்ற இடத்திலிருந்து கூப்பிடுவதுதான். பகலில் எப்படிக் கூப்பிட்டாலும் சரி. விளக்கு வைத்த பிறகு அப்படியில்லை. முதல் கூப்பாட்டுக்கு வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவதுக்கும் கூடாது. மூன்றாவது கேட்டால்தான் 'ஓ' என்று குரல் கொடுக்கலாம். மனுசனாக இருந்தால் மூன்று தடவை கூப்பிடுவான். மற்றது இரண்டோடு நின்றுவிடும்.

தனபால் இதில் இன்னும் கண்டிப்பு. "எண்ணிக்கை மட்டும் பத்தாதுக்கா," என்பான் கலைமணியிடம். "மொதக் கூப்பாடு சும்மா இருக்கும். ரெண்டாவதுல சத்தம் ஏறும். மூணாவதுல ஒரு கோவம் இருக்கும் பாரு... 'என்னடா, செத்துட்டியா'ங்கற மாதிரி. அதான் மனுசன்."

கலைமணி கல்யாணமாகி அடிவாரத்துக்கு வந்து எத்தனையோ வருசமாகியும் அவளுக்கும் இந்தப் பழக்கம் போகவில்லை. இருட்டிய பிறகு வாசலில் யார் வந்து நின்றாலும் மூன்று தடவை கூப்பிட வைத்துவிடுவாள். "எங்கூட்டுக்கு எமன் வந்தாலும் சலிச்சுப்போய்த் திரும்பிருவானுங்க," என்று அவள் புருசன் குழந்தைசாமி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

தனபால் போனுக்கும் அதையே செய்தான். வினை அங்கேதான் பிடித்தது.

அவனும் பெண்டாட்டி சத்யாவும் வீட்டின் முன்பக்கம் இரண்டு அறை கட்டி, மலை பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஹோம்ஸ்டே. வருகிறவர்கள் காரை வளைவில் நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும், தனபால் டார்ச்சோடு மேலே போய் அழைத்து வருவான், ஏற்பாடு அதுதான். ஆனால் இருட்டிய பிறகு போன் அடித்தால் எடுக்க மாட்டான். இரண்டு தடவை அடித்து ஓயட்டும் என்று, தட்டில் வைத்த கை வைத்தபடி உட்கார்ந்திருப்பான். சத்யா எடுக்கப் போனாலும் விடமாட்டான். கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, பனிக்குள் பிள்ளைகளோடு திரும்பிப் போனது. போய், 'ஓனர் போன் எடுப்பதில்லை' என்று எழுதி ஒற்றை ஸ்டார் போட்டது. அதற்குப் பிறகு ஒருத்தரும் வரவில்லை. அறைகளில் பூஞ்சை பிடித்தது.

"மூணாவதா ஒருக்கா அடிச்சிருந்தா எடுத்திருப்பேன்ல?" என்றான் தனபால். "அதுக்குள்ள அவங்களுக்கு என்ன அவசரம்?"

கலைமணிக்குச் சிரிப்பு. சத்யாவுக்கு அழுகை. சேலத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தன் தம்பி ரமேஷ்குமாரை அவள் வரச் சொன்னாள்.

அவன் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, சத்யாவின் வாட்ஸ்அப் நம்பரில் ஏ.ஐ. ஒன்றைச் சேர்த்துவிட்டான். இனி யார் மெசேஜ் போட்டாலும் அதுவே பதில் எழுதும். சத்யா என்ற பெயரிலேயே எழுதும். எந்த நேரமானாலும், எந்தப் பாஷையானாலும், ஒரு நொடிக்குள். வருகிறேன் என்பவரை வராதே என்று சொல்லாது. வெந்நீர் எப்போது, அட்டை கடித்தால் உப்பு எங்கே, காரை எங்கே நிறுத்துவது, மேலே வந்து அழைத்துப் போகிறவர் பெயர் என்ன, எல்லாம் அதற்குச் சொல்லிவைத்தான். முன்கதவுக்கு எண் பூட்டு ஒன்றும் போட்டான். வந்துவிட்டோம் என்று யாராவது எழுதினால் கதவின் எண்ணையும் அதுவே அனுப்பிவிடும். நாலு எண்ணைத் தட்டினால் கதவு திறந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தனபால் கடைசியாக ஒன்று சொன்னான்.

"மாப்ள, எம்பழக்கத்தையும் அதுக்குச் சொல்லிரு. இருட்டுனதுக்கப்புறம் எம்பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிடணும். மூணாவதுக்குக் கண்டிப்பா ஓன்னு சொல்லுவேன். எங்கிருந்தாலும் வருவேன். நான் சொன்னேன்னே போடு."

ரமேஷ்குமார் சிரித்துக்கொண்டே அதையும் தட்டிவிட்டான். அன்றைக்குக் கலைமணியும் அங்கே இருந்தாள். அவளும்தான் சிரித்தாள்.

தனபால் அதற்கு 'வாயாடி' என்று பெயர் வைத்தான். பெயருக்குத் தகுந்தபடிதான் இருந்தது அது. ஒரு நாள் கலைமணி தெரியாத்தனமாக, 'சாப்டியா கண்ணு' என்று சத்யாவுக்கு மெசேஜ் போட்டாள். கையை எடுப்பதற்குள் பதில்: 'வணக்கம்! நான் சத்யா. எத்தனை பேர் வருகிறீர்கள்?' கலைமணி விடவில்லை. 'நான் உன் அண்ணிடி' என்றாள். 'மிக்க மகிழ்ச்சி. ஒருவருக்கான அறை காலியாக இருக்கிறது' என்றது. குழந்தைசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சத்யாவே போன் செய்து, "நம்ம ஆளுங்க மெசேஜே போட வேண்டாங்க அண்ணி, கூப்பிட்டே பேசுங்க," என்றாள்.

கூட்டம் வரத் தொடங்கியது. ஸ்டார் ஏறியது. பூஞ்சை பிடித்த சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அதையெல்லாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆடியில் ஒரு நாள், பலாக்கொட்டை வாங்கிப் போகலாம் என்று கலைமணி மலை ஏறினாள். அன்றைக்கு அறைகள் காலி. பனி முன்னாடியே இறங்கிவிட்டது. மூன்று பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சாமைச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம்... கூரையில் சொட்டுகிற சத்தம்... வேறொன்றும் இல்லை.

கலைமணிக்குத்தான் முதலில் மூக்கில் ஏறியது. பிரேக் காய்ந்த வாடை.

அவளுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். மலையின் வளைவுகளையெல்லாம் பிரேக் பிடித்தபடியே இறங்கி வருகிற வண்டிகள் காரவள்ளியில் அவள் வீட்டுக்கு எதிரே நின்றுதான் சக்கரத்தை ஆற்றும். சக்கரத்திலிருந்து புகை வரும். கருகின ரப்பரும் இரும்பும் கலந்த ஒரு நெடி. ஆனால் இந்த வீட்டுக்கு வண்டி வர வழியில்லை. மேலே ரோட்டிலும் இஞ்சின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"வண்டி எதாச்சும் வந்துச்சா?" என்று கேட்க வாயெடுத்தாள்.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க..."

தனபாலின் கை தட்டிலேயே நின்றது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியவில்லை. இரண்டாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை.

"காத்து," என்றான் தனபால். மறுபடி பிசைந்தான்.

டிங்.

சத்யாவின் போன். யாரோ தெரியாத நம்பர். முகப்படம் இல்லை. சத்யா எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தாள். "காத்தில்லீங்க, ஆளுதான். மேல வந்து நிக்கறாங்க," என்றாள். கலைமணி எட்டிப் பார்த்தாள்.

'கூப்பிட்டேன். பதில் இல்ல.'

அதற்குக் கீழேயே வாயாடியின் பதில் போயிருந்தது. 'வணக்கம்! நான் சத்யா. மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இருட்டிய பிறகு மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் குரல் கொடுப்பது வழக்கம். தனபால் என்று மூன்று முறை கூப்பிடுங்கள். மூன்றாவதுக்குக் கட்டாயம் பதில் சொல்வார், எங்கிருந்தாலும் வருவார். எத்தனை பேர் வருகிறீர்கள்?'

'ஒருத்தர்.'

'மிக்க மகிழ்ச்சி. வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்?'

'வண்டி கீழ கெடக்கு.'

"கீழ எங்க போட்டாங்களோ," என்றாள் சத்யா. படுக்கை விரிப்பு எடுக்க எழுந்தாள்.

"தனபாலு..."

இந்தத் தடவை பெயரோடு. கொஞ்ச நேரம் அமைதி.

"தனபாலு..."

அதே அளவு அமைதி.

"தனபாலு..."

"ஓ... வாரேன்," என்று குரல் கொடுத்துவிட்டான் தனபால். கொடுக்கலாமா வேண்டாமா என்று அவன் யோசிக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து மூன்றாவதுக்குத் திறந்து பழகின வாய்.

கலைமணி அவன் தோளைப் பிடித்தாள். "கொஞ்சம் இரு தம்பி," என்றாள்.

"மூணு ஆச்சேக்கா."

"ஆச்சு. ஆனா மூணும் ஒரே மாதிரி இருந்துச்சுடா. ஒரே நீட்டு. சத்தமும் ஏறல, கோவமும் வரல. சொல்லிக் குடுத்ததைச் சொன்ன மாதிரி..."

அவன் கை கழுவினான். துண்டில் துடைத்தான். டார்ச்சை எடுத்தான். "டவுனுக்காரங்கக்கா. அவங்க கோவத்தை எல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு அப்புறமாத்தான் எழுதுவாங்க," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பாதையில் ஏறினான்.

பெண்கள் இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். பனிக்குள் டார்ச் வெளிச்சம் மஞ்சளாக மேலே போனது... போனது... வளைவு இருக்கும் உயரத்துக்குப் போய் நின்றது. அங்கேயே நின்றது. ஆடவில்லை, அசையவில்லை.

டிங்.

'வந்துட்டார். நன்றி.'

'மிக்க மகிழ்ச்சி. நல்லபடியாக வந்து சேருங்கள்.'

சத்யா வெந்நீர் வைத்தாள். வெந்நீர் கொதித்தது. யாரும் இறங்கி வரவில்லை. மேலே வெளிச்சம் மட்டும் அதே இடத்தில். கலைமணி தம்பியின் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவதுக்குப் பதில் இல்லை. சத்யா போன் அடித்தாள். பனிக்குள் எங்கேயோ அவன் போன் ஒலிக்கிற சத்தம் கேட்டது. வளைவில் இல்லை. வளைவுக்கும் கீழே, சரிவில், ஆள் போக முடியாத பக்கமாக. கேட்டுக்கொண்டே இருந்து... நின்றது.

அடுத்த சரிவிலிருந்து சாமியப்பன் ஆட்களோடு வந்தார். நிழற்குடைக்குள் பெஞ்சின்மேல் டார்ச் இருந்தது, எரிந்தபடி, வீட்டைப் பார்த்தபடி. வைத்துவிட்டுப் போன மாதிரி. பிரேக் வாடை மட்டும் ஈரத் தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. டயர் தடம் இல்லை. விடிந்ததும் போலீஸ் வந்தது. கயிறு கட்டி இறங்கிச் சரிவு முழுக்கத் தேடினார்கள். மனுசனும் இல்லை, போனும் இல்லை, கீழே கிடக்கிறதாகச் சொன்ன வண்டியும் இல்லை. மெசேஜ் போட்ட நம்பர் உபயோகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கலைமணி அந்தச் சின்னத் திரையில் இருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முன்பெல்லாம் அந்தக் குரல் எத்தனை வீட்டு வாசலில் ஒரு தடவை, இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கும். மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று அதற்கு யாரும் சொன்னதில்லை. நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். கேட்ட ஒரு நொடிக்குள். பெயரையும் சேர்த்து.

ரமேஷ்குமார் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். இப்போதே இதை நிறுத்திவிடுகிறேன் என்றான். சத்யா போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். அவருக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பர்தான். எங்கியாச்சும் இருந்து ஒரு மெசேஜ் போட்டாரு, நான் தூங்கிட்டேன்னா? அதாச்சும் உடனே ஒரு பதில் சொல்லுமில்ல."

ரமேஷ்குமார் அதை ஓடவிட்டபடியே சேலத்துக்குத் திரும்பினான்.

காரவள்ளிக்கு வந்துவிடு சாமி என்று கலைமணி கெஞ்சிப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். அவர் வரும்போது ஊடு பூட்டியிருக்கக் கூடாது என்று சத்யா நகரவே இல்லை. சாமியப்பன் பெண்டாட்டி ஆத்தாயி தன் வீட்டு வேலையை முடித்துவிட்டு எட்டு மணிக்கு மேல் துணைக்குப் படுக்க வருவாள். விளக்கு வைத்ததிலிருந்து ஆத்தாயி வருகிறவரை சத்யா தனி. அந்த நேரம் பூராவும் கலைமணி அடிவாரத்திலிருந்து போனில் துணை இருப்பாள். பேச்சு ஒன்றும் இருக்காது. என்ன குழம்பு, ஆடு கட்டியாச்சா, அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஒரு மூச்சு, அந்தப் பக்கம் ஒரு மூச்சு.

ஆவணி பிறந்து ஒரு நாள்.

"அண்ணி," என்றாள் சத்யா. குரல் தணிந்திருந்தது. "பிரேக் வாசம் வருதுங்க."

கலைமணி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தித்தான் இருக்கு."

"அடுப்படியிலயே இரு. எந்திரிக்காத. ஆத்தாயி வர்ற நேரந்தான்."

போனுக்குள் கூரை சொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதற்கும் பின்னால், தூரத்தில்...

"சத்யா..."

தம்பி குரல். சந்தேகமே இல்லை. 'த்'தில் கொஞ்சம் அழுத்தி, 'யா'வை இழுத்து, அவன் கூப்பிடுகிற மாதிரியே. மலையும் பனியும் தாண்டி, போனுக்குள் நுழைந்து, காரவள்ளியில் அவள் காதில் விழுகிறது. தன் வாயே திறந்துவிடும் போலிருந்தது அவளுக்கு. முந்தானையை எடுத்துக் கடித்துக்கொண்டாள்.

"சத்யா..."

"அவருதாங்க அண்ணி," என்றாள் சத்யா. மூச்சு இரைத்தது.

"பேசாத கண்ணு. மூணாவது வரட்டும். கோவம் இருக்கான்னு கேளு. அவன் இத்தனை நாள் குளுருல நின்னவன், கோவம் இல்லாம இருக்காது. நல்லாக் கேளு."

இருவரும் கேட்டார்கள். இந்தச் சாமி, அந்தச் சாமி என்று தெரிந்த சாமியையெல்லாம் கலைமணி வேண்டிக்கொண்டாள், தம்பிக்குக் கோபம் வர வேண்டுமென்று. ஒரு கெட்ட வார்த்தையாவது வர வேண்டுமென்று.

"சத்யா..."

அதே நீட்டு. அதே சத்தம்.

கலைமணி அழுதாள். "வாயைத் திறக்காத சாமி. அது அவனில்ல. அவனா இருந்தாலும்... திறக்காத."

சத்யா திறக்கவில்லை. அதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வாள் கலைமணி. அந்தப் பெண் வாயைத் திறக்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தேம்புகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே எல்லாம் அடங்கிவிட்டது. போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள்.

டிங்.

"அவரு நம்பருங்க," என்றாள் சத்யா. "அவரு நம்பர்லருந்து வந்திருக்கு. 'மூணு தடவை கூப்பிட்டேன்'னு போட்டிருக்கு."

"பதில் போடாத."

"நான் போடலீங்க..."

அவள் ஒரு எழுத்தைத் தொடுவதற்குள் வாயாடி முழுப் பதிலையும் அனுப்பிவிட்டிருந்தது. சத்யா அதை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள், அழுகையும் படிப்புமாக. 'வணக்கம்! நான் சத்யா. மன்னிக்கவும், கேட்கவில்லை. வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள்?'

டிங்.

சத்யா இதைப் படிக்கவில்லை. கலைமணி இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"ரெண்டு பேர், வந்துட்டோம்னு போட்டிருக்குங்க அண்ணி."

அடுத்து வாயாடி கதவின் எண்ணை அனுப்பும் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. "கதவுக்குக் குறுக்க எதாச்சும் இழுத்துப் போடு," என்று கலைமணி சொல்லி முடிக்கவில்லை. போனுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. முன்கதவுப் பூட்டில் எண்ணைத் தட்டுகிற சத்தம்.

பீப்.

பீப்.

பீப்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பீப்.

கிர்ர் என்று பூட்டு விலகியது. கதவுக் கீல் முனகியது. சத்யாவின் தேம்பல் நின்றது. போன் கீழே விழவில்லை, யாரும் கத்தவில்லை. ரொம்பச் சாதாரணமாக, பந்தலில் நின்று விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி, சத்யாவின் குரல் ஒரு வார்த்தை சொன்னது.

"வாங்க."

போன் கட்டானது.

கலைமணி திரும்ப அடித்தாள். அடித்தது, யாரும் எடுக்கவில்லை. சாமியப்பனுக்கு அடித்தாள், சிக்னல் இல்லை. குழந்தைசாமி பைக்கை எடுத்தார். பனியில் சில வளைவுக்கு மேல் முன்னால் எதுவுமே தெரியவில்லை. திரும்பி வந்து திண்டில் உட்கார்ந்துவிட்டார். ஆத்தாயி வந்து பார்த்தபோது கதவு சாத்தியிருந்ததாம், உள்ளே விளக்கு இல்லையாம். அண்ணியோடு அடிவாரத்துக்குப் போயிருப்பாள் என்று அவள் திரும்பிவிட்டாள்.

விடிந்து போய்க் கதவை உடைத்தார்கள். உள்ளே எதுவும் கலைந்திருக்கவில்லை. முன் அறையில் விரிப்பு புதிதாக விரித்திருந்தது. தட்டில் மூன்று டம்ளர் காப்பி, ஆறி ஆடை கட்டி, யாரும் வாய் வைக்காமல். சத்யா இல்லை. அவள் போனும் இல்லை. போலீஸ் மறுபடி கயிறு கட்டி இறங்கியது. அவ்வளவுதான் அவர்களால் செய்ய முடிந்தது.

இனிச் சொல்கிறதுதான் கலைமணி யாரிடமும் சொல்லாதது. தேன்மொழிக்கு மட்டும் தெரியும்.

போன் கட்டான அந்த ராத்திரி, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் சத்யாவின் நம்பருக்கு ஒரு மெசேஜ் போட்டாள். 'சத்யா' என்று மட்டும். அந்த நம்பருக்கு எது போட்டாலும் ஒரு நொடியில் வணக்கம் வந்துவிடும், உங்களுக்கே தெரியும். வரவில்லை. காத்திருந்தாள். பக்கத்தில் இரண்டு நீல டிக் விழுந்தது. யாரோ படித்துவிட்டார்கள். பதில் இல்லை.

மறுபடி 'சத்யா' என்று போட்டாள். நீல டிக். பதில் இல்லை.

ரமேஷ்குமாரை எழுப்பி, வாயாடியை நிறுத்திவிட்டாயா என்று கேட்டாள். இல்லீங்க்கா, ஓடிக்கிட்டுத்தான் இருக்குது, இப்பக்கூட சென்னைக்காரர் ஒருத்தருக்குப் பதில் போயிருக்குது என்றான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது வாயாடி இல்லை. வாயாடிக்குக் காத்திருக்கத் தெரியாது.

இதுவரைக்கும் அவள் மூன்றாவது அனுப்பவில்லை. அனுப்பினால் பதில் வரும். கட்டாயம் வரும், அந்த வீட்டார் கொடுத்த வாக்கு அது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா, தம்பி இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழியும் இல்லை. 'சத்யா' என்று அடித்துவைத்திருக்கிறாள், விரல் வைத்தால் போய்விடும். வைக்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

பூட்டிக் கிடக்கிறது வீடு. ரமேஷ்குமார் எல்லாவற்றையும் எப்போதோ நிறுத்திவிட்டான். ஆனால் கலைமணியின் போனில், சத்யாவின் பெயருக்குக் கீழே, 'ஆன்லைன்' என்றே இருக்கிறது. ராத்திரியும் பகலும்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மட்டும் அது மாறும். 'டைப்பிங்...' என்று வரும்.

ஒரு நொடி. அப்புறம் நின்று, மறுபடி காத்திருக்கும்.